அப்பாவின் சேனலில் யாரும் சாவதில்லை

சிதம்பரம்
6 ஜூலை 2025

அப்பாவுக்கு,

போனில் நான் ‘உம்’ என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று ஞானாம்பாள் மேடத்திடம் வருத்தப்பட்டீர்களாம். இந்த ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை வார்டனான அவர்களுடைய போனில்தான் நாங்கள் பேச வேண்டும். அவர்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லோருக்கும் காது நன்றாகவே கேட்கும். அதில் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்கள் என்றே மேடத்துக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது, இதை மட்டும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என்னை இங்கே சேர்த்த அன்று, என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மேடத்திடம் தனியாகப் பேசினீர்களே, என்ன சொன்னீர்கள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஞாயிறு மதியம் சாப்பாட்டு ஹாலில் எல்லோருக்கும் படம் போடுவார்கள். என்னை மட்டும் ஆபீஸ் அறையில் உட்கார வைத்து கணக்கு செய்யச் சொல்கிறார்கள். போடுவது சாமி படம் என்றாலும் எனக்குக் கிடையாது. என் கட்டில் மேடத்தின் அறைக் கதவுக்கு நேர் எதிரே. ஏன் என்று முதல் வாரம் புரியவில்லை. பிறகு பிள்ளைகள் எனக்கு ஒரு பெயர் வைத்திருப்பது தெரிந்தது. ‘ஏ சர்டிபிகேட்’. ஸ்ரீமுஷ்ணத்துப் பெண் ஒருத்தி, இளவரசி என்று பெயர், சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்காருவாள். அவளிடமும் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவளும் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

ஊரில் எல்லோரிடமும் கோச்சிங்குக்காகச் சேர்த்திருப்பதாகச் சொல்கிறீர்கள். மேடத்திடமும் அதையே சொல்லியிருக்கலாம்.

மே மாதம் என் போனைப் பிடுங்கி வைத்ததிலிருந்து இன்று வரைக்கும் நான் என்ன படம் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

காலாண்டு லீவுக்கு நான் வீட்டுக்கு வரவில்லை. குறிஞ்சிப்பாடி அத்தை வீட்டுக்குப் போகிறேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

ஜெனிபர்


கடலூர் முதுநகர்
12 ஜூலை 2025

என் பாப்பாவுக்கு, அப்பா.

உன் கடிதம் கிடைத்தது. போஸ்ட்மேன் என்னைப் பார்த்து, ‘சந்தியாகு, பேங்க்ல இருந்து நோட்டீஸா?’ என்றார். என் மகள் எழுதியிருக்கிறாள் என்றேன். அவர் நம்பவில்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. ரயில்வே கேட் பக்கம் லாரி ஒன்று நம் கேபிள் ஒயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கொளஞ்சியப்பன் நாள் முழுக்கக் கம்பம் ஏறி இறங்கினான். ஏணியில் இருந்தபடியே உன்னைக் கேட்டான். எனக்குச் சமையல் இன்னும் கைவரவில்லை. ரசம் வைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. ஒரு ஆளுக்கு அரிசி எவ்வளவு போடுவது என்பதும் பிடிபடவில்லை, தினமும் மீந்துபோகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். மேடத்திடம் நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ‘பாத்துக்குங்க மேடம், போன்ல பெரியவங்க படம் பாக்குறா’ என்று மட்டும் சொன்னேன். அவர்கள் அதைப் பெண்களுக்குத் தெரியும்படி நடந்துகொள்வார்கள் என்று நான் கண்டேனா?

உன் அப்பன் யார் என்று உனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே இந்த முதுநகரில் கேபிள் நடத்துகிறேன். நம் லோக்கல் சேனலில் தினமும் சாயங்காலம் படம் போடுகிறேன். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்ப்பேன். கட்டிப்பிடிக்கிற இடம், குத்துகிற இடம் வந்தால் உடனே பாத்திரக்கடை விளம்பர ஸ்லைடைப் போட்டு மறைத்துவிடுவேன். எதற்காக? வீட்டில் என் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக. உன் ஒருத்திக்காக இந்த வார்டே குடமும் தவலையும் பார்த்தது. டீக்கடைப் பையன்கள் ஸ்லைடு வந்தாலே விசிலடிப்பார்கள். ஒரு தடவை அவசரத்தில் கை தவறி, காத்தவராயன் வாத்தியாரின் கண்ணீர் அஞ்சலி ஸ்லைடு விழுந்துவிட்டது. கதாநாயகன் கதாநாயகியை நெருங்குகிற இடத்தில் வாத்தியார் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். மறுநாள் காலையில் அவர் மகன்கள் வந்து வாசலில் நின்றார்கள். உன் அம்மா சிரித்துச் சிரித்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்படி வளர்த்த பிள்ளை, போனில் நான் நம்பர் போட்டுப் பூட்டி வைத்ததைத் திறந்து பதினெட்டு என்று போட்ட படத்தைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? ஒன்றல்ல, வரிசையாக அஞ்சு படம். நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பொம்பளை மேலே துணி இல்லாமல் கட்டிலில் படுத்திருக்கிறாள். அதோடு போனை மூடிவிட்டேன். ‘என்ன படம்மா பாத்த, ஏன் பாத்த’ என்று ஒரு அப்பன் மகளிடம் கேட்க முடியுமா? அம்மா இருந்தால் அவள் கேட்டிருப்பாள்.

லீவுக்கு வீட்டுக்கு வா. அத்தை வீட்டுக்கு எதற்கு? உன் ரூமைக் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். முறுக்கு அனுப்பியிருக்கிறேன், எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு.

அப்பா


சிதம்பரம்
20 ஜூலை 2025

அப்பாவுக்கு,

முறுக்கு வந்தது. எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னீர்கள். நீட்டினேன், வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் தின்றார்கள்.

பூட்டை எப்படித் திறந்தேன் என்று யோசித்திருப்பீர்கள். அம்மா பிறந்த தேதியைத்தானே நம்பராக வைத்திருந்தீர்கள். அதைவிட வேறு எதை வைத்திருக்கப் போகிறீர்கள்.

நீங்கள் பார்த்த அந்தப் பொம்பளையைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அவள் புருஷன் கட்டை அவிழ்த்து, புண்ணைத் துடைத்து மருந்து போடுகிறான். அதனால்தான் அவள் மேலே துணி இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். அஞ்சு படமும் அதேதான் அப்பா. நோய் வந்து சாகிறவர்களைப் பற்றிய படங்கள். அதற்கும் பதினெட்டு என்றுதான் போடுகிறார்கள்.

ஏன் பார்த்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கப்போவதில்லை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு உங்கள் சேனலில் ஆஸ்பத்திரிக் காட்சியும் வராமல் போனது. அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், நான் கவனித்தேன். கதாநாயகனின் அம்மா இருமுவாள். பாத்திரக்கடை வரும். குடம், தவலை, குத்துவிளக்கு எல்லாம் வந்து போகும். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா போட்டோவாகி மாலை போட்டுக்கொண்டிருப்பாள். உங்கள் சேனலில் யாரும் சாவதில்லை. இருமுகிறார்கள், அப்புறம் போட்டோ ஆகிவிடுகிறார்கள்.

நம் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. எட்டாவது படிக்கும்போது கிறிஸ்துமஸ் லீவுக்கு என்னை அத்தை வீட்டில் விட்டீர்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல், பொங்கலுக்குள் சரியாகிவிடும் என்றீர்கள். அன்றைக்கு அம்மா வாசல் வரை நடந்து வந்து எனக்குப் பின்னல் போட்டுவிட்டாள். அதற்கு அடுத்து நான் பார்த்தது பெட்டியில். முகத்துக்குப் பவுடர் போட்டு, தலையில் வெள்ளைப் பூ வைத்திருந்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்று இந்த ரெண்டரை வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அத்தையிடம் கேட்டால் அழுகிறாள். உங்களிடம் கேட்டால் எழுந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போய்விடுகிறீர்கள்.

அதனால்தான் படத்தில் பார்த்தேன். அம்மா இப்படித்தான் மூச்சு வாங்கியிருப்பாளா, இப்படித்தான் தண்ணீர் கேட்டிருப்பாளா என்று ஒவ்வொரு படத்திலும் தேடினேன். எல்லாமே வேறு வேறு ஊர், வேறு வேறு பாஷை. யாரும் அம்மா மாதிரி இல்லை.

அம்மா எப்படிச் செத்தாள் என்று சொல்லுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஜெனிபர்


கடலூர் முதுநகர்
5 ஆகஸ்ட் 2025

பாப்பா,

பதில் போட நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தேன். கொளஞ்சியப்பனை வசூலுக்கு அனுப்பிவிட்டு, கன்ட்ரோல் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். ஒரே தடவையில் முடியவில்லை. கொஞ்சம் பார்ப்பேன், வெளியே போய் நிற்பேன், திரும்ப வருவேன். அந்தப் புருஷன் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற இடத்தில் என் கை தானாக ஸ்லைடு போடப் போனது. பார்ப்பது நான் ஒருத்தன்தான், யாருக்காகப் போடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். நினைத்ததோடு நிற்காமல் மேடத்திடமும் சொல்லிவிட்டேன். என் பிள்ளையைப் பற்றி நாலு பேர் இப்படிப் பேசும்படி நானே செய்துவிட்டேனே என்று மனசு ஆறவில்லை.

கடிதத்தில் எனக்கு எழுத வராது. பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். மேடத்திடம் நானே பேசுகிறேன். நீ கேட்டதையும் நேரில் சொல்கிறேன்.

அப்பா


சிதம்பரம்
17 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

ஊருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் பஸ் ஏறிய பிறகு நல்ல மழை.

மேடத்திடம் நீங்கள் பேசியதில் என் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டார்கள். இன்று மதியம் சாப்பாட்டு ஹாலுக்கும் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாரும் உட்காரவில்லை. மேடம் சொன்னால் கட்டில்தான் நகரும், பிள்ளைகள் நகர்வார்களா? பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதை எல்லாம் அன்றைக்கே ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியது. கூடத்தில் கட்டிலைப் போட்டது. கஞ்சி இறங்காமல் போனது. முதுகில் புண் வந்தது, நீங்கள் தேங்காயெண்ணெய் தடவியது. கடைசி நாள் காலையில் சர்ச்சிலிருந்து ராபர்ட் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைத் தொட்டு அவஸ்தை பூசியது. அம்மா அவரிடம் ‘காபி குடிச்சிட்டுப் போங்க சாமி’ என்று சொன்னது. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மாதான் அது. எந்தப் படத்திலும் நான் பார்க்காத அம்மா. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அன்றைக்கு வாய் வரவில்லை.

ஆனால் அப்பா, சாமியார் காபி குடித்துவிட்டுப் போனார் என்றீர்கள். உடனே, ‘அப்புறம் அவ்வளவுதாம்மா, சாயங்காலம் அத்தைக்குப் போன் பண்ணேன்’ என்று சொல்லிவிட்டு வாழைப்பழம் வாங்கி வருவதாக எழுந்து போய்விட்டீர்கள்.

நான் உங்கள் சேனலைப் பார்த்து வளர்ந்தவள். வெட்டு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும். மூஞ்சி ஒரு மாதிரி ஆகும், குரல் தடிக்கும், அடுத்த காட்சிக்குப் போய்விடுவீர்கள்.

காலையில் சாமியார் போனதற்கும் சாயங்காலம் அத்தைக்குப் போன் வந்ததற்கும் நடுவில் முழுசாக ஒரு பகல் இருக்கிறது. அந்தப் பகலில் அம்மா என்ன சொன்னாள்? அம்மா என்னைக் கேட்டாளா?

அதைச் சொல்லாமல் என்னை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். அந்தக் கூடத்தில் என்னால் உட்கார முடியாது. லீவுக்குக் குறிஞ்சிப்பாடிதான்.

ஜெனி


கடலூர் முதுநகர்
30 ஆகஸ்ட் 2025

பாப்பா,

கேட்டாள்.

சாமியார் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் காபி டம்ளரைக் கழுவப் போனேன். கூப்பிட்டாள். ‘பாப்பாவ வரச் சொல்லுங்க’ என்றாள்.

கொளஞ்சியப்பன் வாசலில்தான் இருந்தான். அவன் காதில் விழுந்ததும் பைக்கை வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்துவிட்டான். குறிஞ்சிப்பாடி எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் உன்னைக் கொண்டுவந்திருப்பான். நான்தான் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

அவள் எப்படி இருந்தாள் என்று உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பல் மட்டும் வெளியே தெரிந்தது. நெஞ்சுப் புண் ஆறவே இல்லை. எவ்வளவு டெட்டால் ஊற்றினாலும் வாடை வாசல் வரைக்கும் வந்தது. சொந்தக்காரர்களே மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே வந்தார்கள். உனக்குப் பின்னல் போட்ட அம்மாவே உன் ஞாபகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ‘இந்தக் கோலத்துல அவ பாக்க வேணாம் மேரி, புள்ள பயந்துடும்’ என்றேன்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். ‘அவ பயப்பட மாட்டா. ஒங்களுக்குத்தான் பயம்’ என்றாள்.

அதற்குப் பிறகு என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. தலையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் திரும்புவதே பெரிய பாடு, நான் தலையணையைச் சரி செய்யப் போனேன், வேண்டாம் என்று கையை அசைத்தாள். வாசலில் ஆள் நிழல் தட்டும்போதெல்லாம் கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். கொளஞ்சியப்பன் அதைப் பார்க்க முடியாமல் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டான். நான் கட்டில் பக்கத்திலேயேதான் இருந்தேன். அப்போதுகூட அவனைக் கூப்பிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம். இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்றே இருந்தேன். சாயங்காலம் வெயில் சாயும் நேரத்தில் மூச்சு நின்றது. முகம் வாசல் பக்கமே இருந்தது. பெட்டியில் வைக்க நாங்கள்தான் நேராகத் திருப்பினோம்.

அத்தைக்குப் போன் செய்தது அதற்குப் பிறகுதான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சொன்னதில்லை. இந்தக் கூடத்தில் தினமும் ஒருத்தனாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

இனி உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. அத்தை வீட்டுக்கே போ. அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்பா


சிதம்பரம்
14 செப்டம்பர் 2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. போன ஞாயிறும் இன்றைக்கும் மேடம் போனைக் கொடுத்தபோது தலைவலி என்று சொல்லி வாங்கவில்லை. தலைவலி இல்லை.

படித்த அன்றைக்கு உங்களை நான் என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுத மாட்டேன். அம்மா என்னைக் கேட்டிருக்கிறாள். நீங்கள் கொடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்து நான் பயந்திருப்பேனோ என்னவோ, பயந்திருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கையைப் பிடித்திருப்பேன். அம்மா வாடை எனக்கு வாடையா அப்பா?

இன்னொன்று இருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். சொல்வதற்கு உங்களைவிட்டால் ஆள் இல்லை. அன்றைக்குப் பகல் பூராவும் நான் அத்தை வீட்டில் டிவி முன்னால் இருந்தேன். அங்கே உங்கள் சேனல் வராது, மறைக்க ஆளில்லை, அதனால் எனக்கு ஒரே குஷி. ஏதோ காமெடிப் படம். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தை போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனபோதும் சத்தத்தைக் குறைக்கவில்லை. நான் சிரித்த அந்தப் பகல் முழுக்க அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எந்தப் படம் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தீர்கள், நான் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். இதில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா கேட்டது ரெண்டு பேரிடமிருந்தும் கிடைக்கவில்லை.

என் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது போக ரொம்ப நாளாகும், வருஷம்கூட ஆகலாம். ஆனால் அத்தனை நாளையும் இங்கே யாரும் பக்கத்தில் உட்காராத ஹாலிலோ, அத்தை வீட்டிலோ கழிக்க எனக்கு இஷ்டமில்லை. கோபத்தோடேயே உங்கள் கூட இருந்துவிட்டுப் போகிறேன்.

இருபத்தாறாம் தேதி பரீட்சை முடிகிறது. மறுநாள் காலையில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். அத்தையிடம் வரவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜெனி